தங்கபுஷ்பம் சைக்கிளில் இலை இல்லை

அம்மாவை உப்பளத்து வாசலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சைக்கிளில் இலை இல்லை, அதனால் வேலை இல்லை என்று கங்காணி வெயிலுமுத்து சொன்னாராம். அம்மா சைக்கிளை என் கடைக்கு உருட்டிக்கொண்டு வந்து, ஸ்டாண்டு கூடப் போடாமல் சுவரில் சாத்தினாள். சாத்தினாள் என்ன, எறிந்தாள்.

"ஊருல அம்புட்டுப் பேரு சைக்கிள்லயும் இலை வருது. சைக்கிள் கடைக்காரன் ஆத்தா சைக்கிள்ல வரலை. என்னலே பண்ணி வச்சிருக்க?"

"நல்லா வச்சிருக்கேன்."

"நல்லா வச்சிருந்தா ஏம்லே வரலை?"

"நல்லா வச்சிருக்கதாலதாம்மா வரலை."

அம்மா என்னை முறைத்த முறைப்பில் அதற்கு மேல் விளக்கவில்லை. ஆனால் உங்களுக்கு விளக்கியாக வேண்டும்.

சைக்கிளின் முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நிற்கிற இரும்புதான் ஃபோர்க். வேறு எது போனாலும் இறங்கி உருட்டலாம். செயின் அறுந்தால் உருட்டலாம், டயர் வெடித்தால் உருட்டலாம். ஃபோர்க் முறிந்தால் உருட்ட ஆள் இருக்காது, மூஞ்சிதான் முதலில் ரோட்டைத் தொடும். எங்கள் ஊர் உப்பு ஊர். துரு வெளியிலிருந்து தின்றால் கண்ணுக்குத் தெரியும். உப்பு உள்ளே போய் உட்கார்ந்து தின்னும். அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மாவின் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, மண்ணெண்ணெய்த் துணியால் ஃபோர்க்கைத் துடைத்து, இரண்டு காலும் சேருகிற கழுத்தில் பெருவிரல் நகத்தை வைத்து மெதுவாக இழுத்துப் பார்ப்பேன். கீறல் இருந்தால் நகம் தட்டும். பெயிண்ட் சுருங்கியிருந்தால் அடியில் இரும்பு வளைந்திருக்கிறது. அப்புறம் நிமிர்த்தி, முன் பிரேக்கை அழுத்திக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுவேன். லொடக் என்றால் கழுத்துக்குள் உருளுகிற பால்ரஸ் குண்டுகள் தேய்ந்திருக்கின்றன. அம்மா சைக்கிள் லொடக் என்றதே இல்லை. பத்தாவதைப் பாதியில் விட்டுவிட்டு வந்த எனக்கு உருப்படியாகத் தெரிந்தது இதுதான். இதை ஒழுங்காகச் செய்ததற்குத்தான் அம்மாவுக்கு வேலை போனது.

முதல் இலை, அம்மாவோடு உப்பு வாருகிற சொர்ணக்கிளி அக்காவின் சைக்கிளில் வந்தது. பங்குனி வெயில் ஏறிக்கொண்டிருந்த ஒரு காலையில், புல் முளைக்காத, உடைமரம்கூட ஓரமாக ஒதுங்கிக் கருகி நிற்கிற, கண்ணெட்டும் தூரம் வெள்ளையும் வெள்ளைக்கு மேல் வெயிலும் வெயிலுக்குக் கீழே வெள்ளையை வாரிக் குவிக்கிற பெண்களும் அவர்கள் கண்ணுக்குள் மணலைப் போட்டுத் தேய்ப்பதுபோல உறுத்துகிற கூச்சமும் தவிர வேறொன்றும் இல்லாத எங்கள் உப்பளக் கரையில், அவள் சாத்தி வைத்திருந்த துருப்பிடித்த சைக்கிளின் ஃபோர்க் கழுத்திலிருந்து ஒரு கொழுந்து எட்டிப் பார்த்து, மத்தியானக் கஞ்சி நேரத்துக்குள் விரிந்து, சாயங்காலத்துக்குள் உள்ளங்கை அகலத்துக்கு இலையாகிவிட்டது. பார்க்கப் பூவரசு இலை மாதிரி. நரம்பு மட்டும் துரு நிறம்.

இலை வந்தது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. சுவரில் ஆலங்கன்று வருகிறது, கூரையில் பூசணி வருகிறது, இரும்பில் வந்தால் என்ன. ஜனங்கள் செய்ததுதான் என்னை உலுக்கிவிட்டது.

லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு அடித்துக்கொள்கிற ஊரில், முதல் செம்புத் தண்ணீர் ஃபோர்க்குக்குப் போனது. கோயிலுக்குப் போகிறவர்கள் மஞ்சள் கயிறு கட்டினார்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள் ஜெபமாலை சுற்றினார்கள், எதற்கும் போகாத ஒருவர் பழைய பனியனைக் கிழித்து இலைக்கு வெயில் படாமல் குடை கட்டினார். கொஞ்ச நாளில் இன்னொரு சைக்கிளில் இலை, அப்புறம் ஒரு தெரு முழுக்க இலை, அப்புறம் தரகர்கள் பெண் பார்க்க வந்த இடத்தில் "பொண்ணு கறுப்புதான், ஆனா சைக்கிள்ல ரெண்டு இலை உண்டும்" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ஒரு வீட்டில் இலையை ரசத்தில் போட்டுக் கிரீஸ் வாசம் அடிக்கிறது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். ஆடுகள் சைக்கிள்களை விரட்டத் தொடங்கின. ஊரிலேயே இலையை இலையாகப் பார்த்தது ஆடுகள்தான்.

சொர்ணக்கிளி அக்காவின் சைக்கிள் பஞ்சருக்கு வந்தபோது இலையை ஒதுக்கிப் பார்த்தேன். காம்பு கிளம்புகிற இடத்தில் மயிர் கனத்துக்கு ஒரு விரிசல். நகம் தட்டியது. அடுத்து வந்த வண்டியையும் பார்த்தேன், அதற்கடுத்ததையும் பார்த்தேன். இலை இருக்கிற இடத்திலெல்லாம் விரிசல் இருந்தது. விரிசல் இல்லாத இடத்தில் இலை இல்லை.

"அக்கா, இந்தப் போர்க்கை மாத்தணும். இலை வந்த இடத்துல கீறல் விட்டிருக்கு."

"கீறல் விடாம எப்படிலே மொளைக்கும்? வெதையே கீறித்தான மொளைக்கு?"

"வெதை மேல ஏறி உக்காந்து யாரும் மடை இறக்கத்துல போகமாட்டாங்க."

"ஆளும் வாயும். கண்ணு போடாதலே, தண்ணி ஊத்து."

மடை இறக்கம் என்பது உப்பளத்துக்குப் போகிற வழியில் கரையிலிருந்து சட்டென்று கீழே இறங்கி, கடல்தண்ணி வருகிற மடைப் பாலத்தில் ஏறுகிற இடம். விடிந்தும் விடியாமல் பெண்கள் அங்கே பிரேக் போடாமல், ஒருத்தி பின்னால் ஒருத்தியாக, ஹேண்டில்பாரில் தொங்குகிற சோற்றுப் போணி ஆட, பேசிக்கொண்டே இறங்குவார்கள். நான் பார்க்கிற ஒவ்வொருவரிடமும் சொன்னேன். டீக்கடையில் சொன்னேன், தண்ணி லாரி வரிசையில் சொன்னேன். தண்ணி ஊத்தாதீங்க, கீறலுக்குள்ள தண்ணி போனா இன்னும் சீக்கிரம் அரிக்கும் என்று சொன்னேன். "கடைப்பையன் போர்க்கு விக்கப் பாக்கான்" என்றார்கள்.

அப்புறம் பாக்கியத்தாய் சித்தி விழுந்தாள்.

அம்மாவுக்குப் பக்கத்துப் பாத்தியில் உப்பு வாருகிறவள் அவள். இறக்கத்தில் ஃபோர்க் கழுத்தோடு முறிந்து, முன்சக்கரம் மட்டும் தனியாகக் கொஞ்ச தூரம் ஓடிப்போய்ப் பாத்தித் தண்ணிக்குள் படுத்தது. சித்தி முகம் குப்புற விழுந்தாள். முன்பல்லெல்லாம் போய், தாடை விலகி, கன்னத்தில் உப்பு அப்பிக்கொண்டு எரிய எரிய அவள் கத்தியதை நான் கடையிலிருந்து கேட்டேன். ஓடினேன். இரக்கப்படுவதற்கு முன்னால் ஒன்று தோன்றியது, மறைக்கவில்லை: சரி, இனி நம்புவார்கள்.

ஆஸ்பத்திரியில் தாடையைச் சுற்றிக் கட்டுப் போட்டுப் படுத்திருந்தாள். அம்மாவும் நானும் போனோம். கட்டுக்குள்ளேயிருந்து என்னவோ கேட்டாள். புரியவில்லை. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"இலைக்கு ஒண்ணும் ஆவலியே?"

அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அதுக்கென்ன, பச்சுன்னு இருக்கு" என்றாள்.

உண்மைதான். முறிந்த ஃபோர்க்கை இறக்கத்திலேயே நட்டு வைத்திருந்தார்கள். இலை இல்லாவிட்டால் கழுத்தே போயிருக்கும், இலைதான் பல்லோடு நிறுத்தியது என்று தெருத்தெருவாகப் பேசினார்கள். அந்த இடத்தைக் கடக்கும்போது மணி அடித்துவிட்டுப் போக வேண்டும் என்று யாரோ சொன்னார்கள், யார் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் மறுநாள் விடியக்காலையில் எல்லாரும் மணி அடித்தார்கள். கையெல்லாம் மணியில், ஒரு கையும் பிரேக்கில் இல்லை. கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் காதுக்குள் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

கங்காணி வெயிலுமுத்து கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் ஒன்றைக் கவனித்தார். இலை வைத்திருக்கிற பெண்கள் சைக்கிளைப் பாத்தியைப் பார்த்துச் சாத்தி வைத்துவிட்டு, உப்பை வாரும்போது நிமிர்ந்து நிமிர்ந்து இலையைப் பார்த்துக்கொண்டார்கள். பார்த்தவர்களுக்குக் கண் உறுத்தவில்லை. கண்ணைக் கசக்க நிற்கவில்லை. குவியல் உயர்ந்தது. அளத்து முதலாளிக்கு விஷயம் போயிற்று. அடுத்த வாரம் வாசலில் சொல்லிவிட்டார்கள்: இலை உள்ள சைக்கிளுக்குத்தான் உள்ளே வழி.

யாரோ ஒருத்தி பஞ்சர் சொலூசனை வைத்து ஒரு இலையை ஒட்டிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து கங்காணி ஒவ்வொரு இலையையும் லேசாகக் கிள்ளிப் பார்த்தார். பால் வந்தால் போகலாம்.

இதற்கு அப்புறம் நடந்ததுதான் என்னால் இன்றுவரை முழுங்க முடியாதது. நல்ல ஃபோர்க் வைத்திருந்தவர்கள் என் கடைக்கு வந்தார்கள். கிழவர்கள் வந்தார்கள், பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி வந்தாள், என்னோடு படித்த பையனின் அக்கா வந்தாள். வந்து, ஸ்டாண்டைப் போட்டு, தலையை வருடிக் கொடுக்கிற மாதிரி ஹேண்டில்பாரை வருடிக்கொண்டு, "தம்பி, சின்னதா ஒரு கீறல் போட்டுக் குடேன்" என்றார்கள்.

"பஞ்சர் ஒட்டுவேன். சக்கரத்துல கோட்டம் எடுப்பேன். இது செய்யமாட்டேன்."

"ரொம்பப் பிலுக்காத. எதுத்தாப்புல போடுதாவ."

எதிரில் மிக்கேல் அண்ணன் வெல்டிங் பட்டறை. பிறந்ததிலிருந்து விரிசலை அடைத்துக்கொண்டிருந்த ஆள். இப்போது வெல்டிங் ராடை மூலையில் போட்டுவிட்டு ஹேக்ஸா பிளேடோடு உட்கார்ந்திருந்தார். வாசலில் சாக்பீஸால் எழுதியிருந்தார்: இலைக்கீறல் போடப்படும்.

"அண்ணே, நீங்க ஒட்டுத ஆளுல்லா?"

"ஒட்டுனப்போ ஒருத்தன் ரெண்டு பேரு வந்தான்லே. கீறுனா ஊரே வருது. நீயும் ஒரு பிளேடு வாங்கிப் போடு, ரெண்டு பேரும் பொழைப்போம்."

இந்த நிலையில்தான் அம்மா சைக்கிளைச் சுவரில் எறிந்துவிட்டு நின்றாள்.

"கீறிக் குடு" என்றாள்.

"மாட்டேன்."

"ஒத்தக் கீறல்லே. மடை எறக்கத்துல நான் எறங்கி உருட்டிக்கிடுதேன்."

"உருட்டமாட்டே. வெரசாப் போகணும்னு ஏறிக்கிடுவே. எனக்குத் தெரியும்."

அவளுக்கும் தெரியும். அதனால் பேச்சை மாற்றினாள். முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். அழவில்லை, உப்பளத்துப் பெண்களுக்குக் கண்ணில் எப்போதும் நீர் வடியும், அம்மாவுக்கு மற்றவர்களைவிட அதிகம், ராத்திரி ஈரத்துணியைப் போட்டுக்கொண்டுதான் படுப்பாள்.

"வேலைக்கு மட்டும் இல்லலே, துரை. சொர்ணக்கிளி அவ இலையை அவ பக்கமே திருப்பி வச்சிக்கிடுதா. எனக்குக் காம்பு மட்டுந்தான் தெரியும். நாள் பூரா வெள்ளையையே பாக்கேன். எனக்கும் ஒரு பச்சை வேணும்லா?"

அவள் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு ஃபோர்க்கைத் துடைத்தேன். நகத்தை வைத்து இழுத்தேன். கண்ணாடி மாதிரி வழுவழுவென்று போனது. அம்மா சைக்கிளை நிமிர்த்தி, உருட்டிக்கொண்டு, எதிர்ப் பட்டறைக்குப் போனாள். நடுரோட்டில் நின்று கத்தினேன். அவள் திரும்பவில்லை. பிளேடு இரும்பில் இழுக்கிற சத்தம் கேட்டது. அதிகம் இல்லை, கொஞ்சம்தான். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

காலையில் நான் எழுவதற்கு முன்னால் அம்மா கிளம்பிவிட்டாள். வாசலில் சைக்கிள் நின்ற இடத்தில் செம்பும், சிந்தின ஈரமும் மட்டும் இருந்தன.

ஸ்பானரையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். குறுக்கே பாத்தி வரப்பில் விழுந்து எழுந்து ஓடினேன். மடை இறக்கத்தில் யாரும் கிடக்கவில்லை என்று பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. உப்பளத்து வாசலில் சைக்கிள்கள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றிலும் பச்சை, காற்றில் எல்லாம் ஒரே பக்கம் ஆடிக்கொண்டிருந்தன. வரிசைக்கு முன்னால் அம்மா. கங்காணி குனிந்து அவள் இலையைக் கிள்ளினார். பால் வந்தது. அம்மா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அது வேறு என் காலைக் கட்டிப்போடப் பார்த்தது.

போய் முன்சக்கரத்தை என் இரண்டு முட்டிக்கும் நடுவில் இறுக்கினேன்.

"விடுலே."

"விடமாட்டேன்."

சோற்றுப் போணியால் தோளில் அடித்தாள். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். "ஏட்டி தங்கபுஷ்பம், ஒம்மவனுக்கும் ஒரு கீறல் போட்டு விடு, புத்தி மொளைக்கட்டும்" என்றாள் சொர்ணக்கிளி அக்கா. கங்காணி கையைக் கட்டிக்கொண்டு, "ஏய் கடைக்காரா, வெயில் ஏறுது, வெளையாடாத" என்றார்.

சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது, காட்டிவிடுவது என்று நினைத்தேன். பிரேக் கம்பியைக் கழற்றினேன். அச்சு நட்டுகளைத் திருகிச் சக்கரத்தை உருவினேன். ஹேண்டில்பார் நட்டைத் தளர்த்திச் சுத்தியலால் அதன் தலையில் ஒரு தட்டு, ஹேண்டில்பார் கையோடு வந்தது. கழுத்து நட்டைச் சுற்றிக் கழற்றினேன். ஃபோர்க் கீழே இறங்கி என் மடியில் விழுந்தது. பால்ரஸ் குண்டுகள் உப்பில் சிதறின.

ஃபோர்க்கின் கழுத்துக் குழாய் வாயைப் பார்த்தேன். ஒரு ராத்திரிதான். நேற்று என் நகத்துக்கு அடியில் கண்ணாடி மாதிரி இருந்த அதே இரும்பு. உள்ளே இரும்பு என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. உப்பைவிட வெள்ளையாக, முடியைவிட மெல்லிசாக, வேர். குழாய் முழுக்க அடைத்துக்கொண்டு வேர், பிதுங்கி வழிகிற வேர். வெளியே பெயிண்ட் தோல் மட்டும் இருந்தது. பெருவிரலால் அழுத்தினேன். அப்பளம் மாதிரி உள்ளே போனது. இதன் மேல் ஏறித்தான் என் அம்மா இறக்கத்தில் வந்திருக்கிறாள்.

இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன். "எல்லாரும் பாருங்க! உள்ள இரும்பே கெடையாது. வேருதான் இருக்கு. உங்க எல்லாரு சைக்கிள்லயும் இதான் இருக்கு. இதுக்கு மேலதான் நீங்க உக்காந்து வாரிய!"

கங்காணி கிட்டே வந்து குழாய்க்குள் பார்த்தார். சொர்ணக்கிளி அக்கா பார்த்தாள். ஒவ்வொருவராக வந்து, குனிந்து, பார்த்து, ஒதுங்கினார்கள். விளங்கிவிட்டது என்று நினைத்தேன். கடவுளே, அப்பாடா என்று நினைத்தேன்.

சொர்ணக்கிளி அக்கா நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள்.

அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, அவளுக்குப் பின்னால் வரிசை முழுக்க. வேர் விட்டுட்டு, வேர் விட்டுட்டு, இனி வாடாது, நம்ம ஊருல வேர் புடிச்சிட்டு என்று ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், அழுதார்கள், வேரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கங்காணி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"தங்கபுஷ்பம், இனி நீ வரிசைல நிக்க வேண்டாம். மொதப் பாத்தி ஒனக்குத்தான்" என்றார். என் முதுகில் தட்டினார். "நல்ல காரியம் பண்ணுனலே. திறந்து காட்டுனியே. மாட்டிக் குடு."

பெண்கள் உட்கார்ந்து உப்பில் தேடினார்கள். சிதறின பால்ரஸ் குண்டுகளைப் பொறுக்கி, முந்தானையில் உப்புப் போகத் துடைத்து, பிரசாதம் மாதிரி என் உள்ளங்கையில் வைத்தார்கள். ஒருத்தி நட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒருத்தி சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்து, நான் மாட்டுவதற்கு வாகாக நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாரும் எனக்கு அவ்வளவு உதவியாக இருந்தார்கள்.

அம்மா இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை ஒற்றவில்லை, கசக்கவில்லை, சிமிட்டக்கூட இல்லை. அந்த வெள்ளைக்கு நடுவில் அவள் கண் அவ்வளவு நேரம் திறந்திருந்து நான் பார்த்தது அன்றுதான்.

"மாட்டுலே, துரை" என்றாள். குரலில் கோபமே இல்லை.

"மாட்டு தம்பி" என்றார் கங்காணி.

மாட்டுப்பா, மாட்டுலே, வெயில் ஏறுதுல்லா, மாட்டு என்றது வரிசை.

நான் மாட்டவில்லை.